பாவா போட்ட முடிச்சு

கனகம்மாசத்திரத்தைத் தாண்டி, திருப்பதி ரோட்டை ஒட்டிய ஒரு தகர ஷெட்டில் கயிறுகளை அறுப்பதுதான் என் வேலை. கத்தியால் அல்ல. பென்சில் தடிமனே உள்ள செயற்கை இழைக் கயிற்றைக் கப்பிகளில் மாட்டி, மோட்டாரால் முன்னும் பின்னும் இழுக்கவிட்டு, எப்போது சாகிறது என்று பார்ப்பேன். வெளியே பளபளவென்று இருக்கும்போதே சில கயிறுகள் உள்ளுக்குள் இழையோடு இழை உரசி மாவாகியிருக்கும். அறுபடும் சத்தம் முகத்துக்கு முன்னால் வெடி வைத்தது போலிருக்கும். கம்பி வலைக்குள்தான் நடக்கிறது என்றாலும் ஒவ்வொரு முறையும் ஓரடி பின்னால் நகர்ந்துவிடுவேன்.

எல்லாம் ஓர் இயந்திரக் கைக்காக. கரும்புக் கட்டைத் தூக்கி லாரியில் வைக்கும் கை. மூட்டுகளில் மோட்டார் கிடையாது. அடியில் இருக்கும் மோட்டார்கள் கயிற்றை இழுக்க, கயிறு கையை மடக்கும். கயிறு எடை குறைவு, துருப்பிடிக்காது. ஆனால் சுமையோடு தொங்கவிட்டால் மெல்ல நீண்டுகொண்டே போகும். வெயிலில் இன்னும் வேகமாக.

அன்று முதலாளி சென்னைக்குப் போயிருந்தார். ஷெட்டில் இருந்தது நானும், ஃபிட்டரும், முதலாளியின் அக்கா புருஷரும். முதலாளி அவரைப் பாவா என்பதால் எங்களுக்கும் பாவா. தொழிலில் பணம் போட்ட பங்குதாரர். திருவாலங்காட்டுப் பக்கத்திலிருந்து கரும்பு காண்ட்ராக்டர்கள் பார்க்க வருகிறார்கள் என்று, நான் சொல்லியும் கேளாமல், முந்தின நாளே இயந்திரக் கையில் கரும்புக் கட்டைத் தூக்கி அப்படியே நிறுத்திவைத்திருந்தார். சித்திரை வெயில். காலையில் கை ஒரு சாண் கீழே தொங்கியது.

"இறக்கிடலாங்க. கயிறு நீண்டுபோச்சு. புதுசு மாட்டி நாளைக்குக் காட்டலாம்" என்றேன்.

"ஆளுங்க வந்துகினு இருக்காங்க, நாளைக்குன்றியே!" ஃபிட்டரிடம் திரும்பினார். "கீழ எறக்கி, நடுவுல ஒரு முடிச்சு போட்டு இழு. சரியா பூடும்."

"முடிச்சு போட்டா அங்கியே அறுந்துடும் பாவா. மேடம் எத்தினி வாட்டி அறுத்துக் காட்னாங்க."

பாவா அறைந்தார். ஃபிட்டரின் உதடு கிழிந்தது. நிமிர்வதற்குள் இன்னொன்று. கீழே விழுந்தவரின் இடுப்பில் ஷூ காலால் உதைத்தார். நான் பாவாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். என்னைத் தள்ளிய வேகத்தில் என் முதுகு கம்பி வலையில் மோதியது. பிறகு அவரே இயந்திரக் கையை இறக்கி, இரண்டு கப்பிகளுக்கு நடுவில் முடிச்சைப் போட்டு, பட்டனை அழுத்தினார்.

கை எழுந்தது. "பாத்தியா?" என்றபடி, சாய்ந்திருந்த கரும்புக் கட்டைச் சரிசெய்ய அதன் அடியில் போனார்.

"அடியில நிக்காதீங்க!" என்று கத்தினேன்.

கயிறு முடிச்சில் அறுந்தது. கயிற்று நுனி என் கழுத்தில் சவுக்காக விழுந்தது. இயந்திரக் கை மொத்தமும் இறங்கி, பாவாவின் கையை முழங்கைக்குக் கீழே இரும்பு மேடையோடு சேர்த்து நசுக்கியது. எலும்பு வெளியே தெரிந்தது. மனிதக் குரல் அப்படிக் கிழியும் என்று எனக்குத் தெரியாது.

ஃபிட்டர்தான் கடப்பாரையைச் செருகி நெம்பினார். உதட்டு ரத்தம் தாடையில் வழிந்துகொண்டிருந்தது. நான் பாவாவை அக்குளில் பிடித்து வெளியே இழுத்தேன். ஃபிட்டர் தன் சட்டையைக் கழற்றி முழங்கைக்கு மேலே இறுக்கிக் கட்டினார். காண்ட்ராக்டர்களின் கார் அப்போதுதான் வந்து நின்றது. அதிலேயே ஏற்றினோம். திருத்தணி ஆஸ்பத்திரி வரைக்கும் ஃபிட்டர் அந்தக் கட்டின் மேல் வைத்த பிடியை விடவில்லை.

பாவாவின் கை பிழைத்தது. இரண்டு விரல்கள் போயின. மறுநாள் சாயங்காலம் வார்டில் நாங்கள் பார்க்கப் போனபோது பாவா அழுதார். "நீ இல்லன்னா செத்திருப்பேன்டா."

ஃபிட்டர் குனிந்து, அவர் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார். நர்ஸ் அலறினாள்.

"உசுரு போவக் கூடாதுன்னு தூக்கனேன். அது வேற. என்னை உதைச்சது வேற" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

அதற்குப்பின் ஃபிட்டர் வேலைக்கு வரவில்லை. கயிறு அறுந்தாலும் கை விழாமல் பிடிக்கும் பூட்டு ஒன்று வைக்காமல் நானும் வர மாட்டேன் என்றேன். பூட்டு வைத்தார்கள். முதலாளி ஃபிட்டர் வீட்டுக்கே போய்க் கூப்பிட்டார். "பாவா ஷெட்டுக்குள்ள வந்தா நான் வரமாட்டேங்க" என்று பதில் வந்தது. முதலாளி யோசித்தார். கடைசியில் பாவாவின் பங்கைத் திருப்பிக் கொடுத்து விலக்கிவிட்டார்.

ஃபிட்டர் திரும்பி வந்த அன்றே முதலாளியின் அக்காவும் வந்தாள். வாசலில் நின்று மண்ணை வாரி எங்கள்மேல் இறைத்தாள். "எம்புருஷன் கையைத் தின்னுட்டு, அவர அறைஞ்சவனுக்கு வேலை குடுக்கிறியாடா?" என்று தம்பியின் மார்பில் மாறி மாறிக் குத்தினாள். முதலாளி கையைத் தூக்கித் தடுக்கவில்லை. அவள் ஓய்ந்து, தரையில் உட்கார்ந்து அழுதபோது, ஃபிட்டர் தண்ணீர் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தார். அவள் செம்பைத் தட்டிவிட்டாள்.