அக்கா வீட்டு ஞாயிறு

சாவியம்மாவுக்கு வயிறு எரிந்தது. இத்தனைக்கும் அவள் கோயிலில் முன்வரிசையில் முழங்காலில் நின்று, கண்ணை மூடி, பார்க்கிறவர்களுக்கே பக்தி வருகிற மாதிரி செபித்துக்கொண்டிருந்தாள். மூடிய கண்ணுக்குள் தெரிந்ததென்னவோ நர்சின் முகம்தான்.

கோயிலில் எந்தப் பூட்டானாலும் சாவி அவள் இடுப்பில்தான் இருக்கும். அதனால் வந்த பெயர் அது. சைக்கிள் கடைக்காரரைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தவள். அவர் போன பிறகு கடையையும் ஐந்து பிள்ளைகளையும் தனியாளாகக் கரையேற்றினாள். அந்த ஓட்டத்துக்கு நடுவிலும் பீடத் துணிகளைத் துவைத்துத் தேய்த்தாள், ரத்ததான முகாமுக்கு ஆள் பிடித்தாள், சின்னப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தாள். சாவு வீட்டில் முதல் நாற்காலியை விரித்துப் போடுவது அவள்தான். வீட்டில் மருமகள்கள் மூன்று பேரும் அவள் தும்மினால் கைக்குட்டையோடு வந்து நிற்பார்கள். பங்குச்சாமியார்கள் வந்தார்கள், மாற்றலாகிப் போனார்கள். சாவிக்கொத்து மட்டும் இடம் மாறவில்லை.

இத்தனையிலும் அவள் உயிராக நினைத்தது ஞாயிற்றுக்கிழமை வேலையை. பூசை முடிந்ததும், கோயிலுக்கு வர முடியாமல் வீட்டில் கிடப்பவர்களுக்கு சாமியார் அர்ச்சித்த நற்கருணை அப்பம் கொண்டுபோய்க் கொடுப்பாள். போஸ்ட்மாஸ்டர் வீடு, டெய்லரின் அம்மா வீடு, எல்லாவற்றுக்கும் முதலில் இதே ஊரில் வாழ்க்கைப்பட்ட கூடப்பிறந்த அக்கா வீடு. இடுப்பெலும்பு தேய்ந்து படுத்த படுக்கையாகிவிட்ட அக்கா.

அந்த வீட்டைத்தான் புதுச் சாமியார் பிடுங்கி நர்சிடம் கொடுத்துவிட்டார். நர்ஸ் ஓய்வு பெற்று இந்த ஊருக்குக் குடிவந்தவள். "உங்களுக்கும் வயசாகுதும்மா. அவங்ககிட்ட ஸ்கூட்டர் இருக்கு, மேட்டுத் தெருவை அவங்க பாத்துக்கட்டுமே" என்று தேனொழுகச் சொன்னார் சாமியார். நேற்றுக் குருப்பட்டம் வாங்கிய பையன், இவளுக்கு வயது சொல்ல வந்துவிட்டான்!

அதோடு போயிருந்தாலும் மனசு ஆறியிருக்கும். அக்காவோ போனில் நர்ஸ் புராணம் பாடத் தொடங்கினாள். "நல்ல மாதிரிடி அவ. வந்துட்டுப் போனா நிம்மதியா இருக்கு." நிம்மதியாமே! ஒரே பாயில் படுத்து வளர்ந்த தங்கச்சியிடம் கிடைக்காத நிம்மதி, நேற்று வந்தவளிடம் கொட்டிக் கிடக்கிறதாக்கும். அன்றைக்குச் சாப்பாட்டில் உப்பில்லை என்று மருமகள்களை ஒரு பிடி பிடித்தாள் சாவியம்மா. உப்பு சரியாகத்தான் இருந்தது.

இன்றைக்கு மதியம் அக்காவை ஆபரேஷனுக்குக் கூட்டிப்போகிறார்கள். இந்த வயதில் பிழைத்து எழுவாளா என்று டாக்டராலேயே அடித்துச் சொல்ல முடியவில்லை. அதனால் இந்த ஒரு ஞாயிறு அக்காவுக்கு என் கையால்தான் கொடுப்பேன் என்று சாமியாரிடம் ஒற்றைக்காலில் நின்று சம்மதம் வாங்கியிருந்தாள். ஆனாலும் நர்சை நம்ப முடியுமா? போகிற வழிதானே, சும்மா எட்டிப் பார்த்தேன் என்று முந்திக்கொண்டால்?

பூசை முடிந்தது. பீடத்தின் ஓரத்தில் வரிசையாக வைத்திருக்கும் சின்னச் சிமிழ்களில் சாமியார் அப்பங்களை வைத்துக் கொடுப்பது வழக்கம். முதலில் நர்சின் சிமிழை நிரப்பிக் கொடுத்தார். அப்புறம் யாரோ ஏதோ கேட்டார்கள் என்று அந்தப் பக்கம் திரும்பினார். வெளியே ஸ்கூட்டர் உறுமியது. அவ்வளவுதான், சாவியம்மா தன் சிமிழை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, குறுக்குச் சந்து வழியே ஓட்டமும் நடையுமாகக் கிளம்பிவிட்டாள்.

அக்கா வீட்டு வாசலில் ஸ்கூட்டர் இல்லை. ஜெயித்தாயிற்று! மூச்சு வாங்க உள்ளே போனாள். அக்கா மகன் டாக்ஸி பார்க்கப் போயிருந்தான், அக்கா தனியாகக் கிடந்தாள். சாவியம்மா மேசையைத் துடைத்து, மருந்துகளை அடுக்கி, தலையணை உறை அழுக்காக இருக்கிறது என்று அங்கே இல்லாத அக்கா மருமகளை வைதாள். வெள்ளைத் துணி விரித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, செபங்களை ஒன்றுவிடாமல் சொல்லி முடித்துச் சிமிழைத் திறந்தாள்.

உள்ளே ஒன்றுமில்லை. அப்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தச் சிமிழ் ஒரே கனம்தான், கைக்கு எப்படித் தெரியும்?

அக்கா நாக்கை நீட்டியபடி காத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். "என்னடி?"

"வாங்காம ஓடி வந்துட்டேன்க்கா." சாவியம்மா சிமிழைப் படக்கென்று மூடினாள். திரும்ப ஓடிப்போய் வாங்கிவர முழங்காலில் தெம்பில்லை. டாக்ஸி எந்த நேரமும் வரலாம். பல்லைக் கடித்துக்கொண்டு நர்சுக்குப் போன் செய்தாள்.

நர்ஸ் அடுத்த தெருவில்தான் இருந்தாள், உடனே வந்தாள். சிரிக்கவில்லை, ஏன் எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சிரித்திருந்தாலாவது திட்டலாம். ஆளுக்கு ஒன்றாக எண்ணி வாங்கியிருந்த அப்பத்தில் ஒன்றைப் பாதியாகப் பிட்டு அக்காவுக்குக் கொடுத்தாள். பிறகு கட்டிலோரம் உட்கார்ந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். இதுதானா அந்த நிம்மதி?

நர்ஸ் எழுந்ததும் சாவியம்மாவால் அடக்க முடியவில்லை. "நான் இத்தனை வருஷம் செஞ்சதெல்லாம் உனக்கு ஒண்ணுமில்ல. இவ வந்து சும்மா உக்காந்தா போதும், இல்ல?"

"நீ என்னைக்குடி உக்காந்தே?" என்றாள் அக்கா. "வருவே, துடைப்பே, செபம் சொல்லுவே, அடுத்த வீட்டுக்கு நேரமாச்சும்பே. அந்த போஸ்ட்மாஸ்டர், டெய்லரோட அம்மா, கோயில், முகாம்... அத்தனை பேர் மேலயும் எனக்கு எவ்வளவு பொறாமை தெரியுமா? ஊருக்கெல்லாம் நீ அம்மா. எனக்குத் தங்கச்சியே இல்லாமப் போச்சு."

சாவியம்மா இத்தனை நாள் வெந்த அதே தீயில் அக்கா வருஷக்கணக்காக வெந்திருக்கிறாள்.

வாசல்வரை போன நர்ஸ் தயங்கி நின்றாள். "அம்மா, உங்க மத்த ரெண்டு வீட்டுலயும் காத்துட்டு இருப்பாங்க. சாமிகிட்ட வாங்கிட்டு நான் போயிட்டு வரட்டா?"

போனால் என்ன ஆகும் என்று சாவியம்மாவுக்குத் தெரியும். போஸ்ட்மாஸ்டருக்கும் இவளைப் பிடித்துப்போகும். அடுத்த வாரம் அவரும் நிம்மதி என்பார். டெய்லரின் அம்மா ஊரெல்லாம் சொல்லுவாள். சாவியம்மா திரும்பி அக்காவைப் பார்த்தாள்.

"போயிட்டு வாம்மா" என்றாள். பல் பிடுங்குகிற மாதிரித்தான் வந்தது அந்த வார்த்தை. "போஸ்ட்மாஸ்டருக்குக் காது மந்தம். உன்னை மாதிரி முணுமுணுன்னு சொன்னா கேக்காது."

நர்ஸ் போனாள். சாவியம்மா ஸ்டூலைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கை தானாகத் தலையணை உறைப் பக்கம் போனது. அக்கா அந்தக் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"எவ்வளவு நேரம் இருப்பே?"

"டாக்ஸி வர்ற வரைக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, நானும் ஏறுவேன்."