புல்வெட்டும் வண்டியும் மணல் மூட்டையும்

உட்கார்ந்துகொண்டே புல் வெட்டலாம், அதற்கென்று ஒரு வண்டி இருக்கிறது என்று யாராவது என்னிடம் பெருமையாகச் சொன்னால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான் வரும். அப்படி ஒரு வண்டியால்தான் என் ஐந்தாம் வகுப்பில் ஒரு வாரம் முழுசாக நாசமாய்ப் போனது. அந்த ஒரு வாரமும் எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் ஒரு நல்ல வார்த்தை பேசவில்லை.

அப்பா அவினாசி ரோட்டை ஒட்டிய ஒரு பங்களாவில் தோட்டக்காரர். பங்களா ஒரு மில் முதலாளியுடையது. பின்பக்கம் இருந்த ஓட்டு வீடு தோட்டக்காரருக்கு என்று ஒதுக்கியது. அதில்தான் நாங்கள் குடியிருந்தோம். தாத்தா இதே முதலாளியின் அப்பாவிடம் பண்ணையத்து ஆளாக இருந்தவர். பங்களாவின் முன்னால் பரந்து கிடந்த புல்தரையை அப்பா தள்ளுமெஷினை வைத்து வெட்டி முடிப்பதற்குள், ஆரம்பித்த இடத்தில் புல் மறுபடி வளர்ந்து நிற்கும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் முதலாளியின் மகன் வெளிநாட்டிலிருந்து அந்த வண்டியைத் தருவித்தார். சிவப்பு நிறம், நாலு சக்கரம், ஸ்டியரிங், கறுப்பு சீட்டு. குட்டி டிராக்டர் மாதிரி இருக்கும். பிளேடு வயிற்றுக்கு அடியில் இருந்தது. ஒரு தடவை ஓட்டிக் காட்டிவிட்டு மகன் விமானம் ஏறிவிட்டார். முதலாளியும் அப்போது ஊரில் இல்லை. அடுத்த பத்து நாளும் வண்டி ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அப்பா முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து ஸ்டியரிங் பிடித்ததை நான் கொய்யாமரத்தில் இருந்து பார்த்துவிட்டு, வகுப்பில் ஒருத்தி பாக்கியில்லாமல் சொல்லி வைத்தேன்.

முதலாளி திரும்பி வந்தார். வண்டிக்குச் சனி பிடித்தது அன்றைக்குத்தான்.

மில்லுக்குக் கிளம்புமுன் வண்டி ஓடுகிற அழகைப் பார்க்க அவர் புல்தரைக்கு வந்து நின்றார். அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வண்டிக்குப் பக்கத்தில் நின்று, ஒரு காலை எட்டிவைத்து பிரேக்கை அமுக்கி, சாவியைத் திருப்பினார். ஒன்றும் நடக்கவில்லை. உறுமல், இருமல், புகை எதுவுமே இல்லை. அப்பா இன்னும் ஏழெட்டுத் தடவை திருப்பினார்.

“நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சுங்க” என்றார் அப்பா. முதலாளி கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் காரில் ஏறினார்.

சாயங்காலம் போத்தனூரில் இருந்து சித்தப்பா வரவழைக்கப்பட்டார். அவருக்கு அங்கே ஒரு மோட்டார் பட்டறையில் வேலை. எங்கள் ஊரில் பிறந்த ஆம்பிளைகள் எல்லோரும் தங்களை மோட்டார் டாக்டராகத்தான் நினைத்துக்கொள்வார்கள்; அதில் சித்தப்பா பெரிய டாக்டர். பிளக்கைக் கழற்றினார், முகர்ந்தார், உப்புத்தாளில் தேய்த்து மாட்டினார். தொம்மென்று சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். வண்டி உடனே பிடித்துக்கொண்டது.

“பாத்தீங்களாண்ணா? கரி புடிச்சுக் கெடந்துது. இனி பத்து வருசத்துக்குப் பேச்சே இல்லீங்க.”

மறுநாள் காலை முதலாளி வந்தார். துண்டு கக்கத்துக்குப் போனது. அப்பா பக்கத்தில் நின்று சாவியைத் திருப்பினார். வண்டி சும்மா கிடந்தது.

அன்று சாயங்காலம் பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கப்பட்டது. பெட்ரோலை மாற்றிவிட்டுச் சித்தப்பா உட்கார்ந்து திருப்பினார், ஓடியது. காலையில் அப்பா திருப்பினார், ஓடவில்லை. அடுத்து கார்புரேட்டர். அதற்கடுத்து பேட்டரி. சித்தப்பா தொட்டால் ஓடும், அப்பா தொட்டால் ஓடாது. “எங்கண்ணன் கை ராசி அப்படி” என்று சித்தப்பா அம்மாவிடம் முணுமுணுத்ததை நான் கேட்டேன். அந்த ஆளை அந்த நிமிடமே மொபெட்டோடு வாய்க்காலில் தள்ளலாம் போலிருந்தது. அம்மா அந்தோணியாருக்கு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டு, கார்புரேட்டர் மேல் தீர்த்தமும் தெளித்தாள். “நான் வர்ற வரைக்கும் யாரும் தொட்டுப்போடாதீங்க” என்று சித்தப்பா உத்தரவு போட்டிருந்ததால், பகலெல்லாம் வண்டி ஷெட்டில் கிடந்தது. அப்பா பழையபடி தள்ளுமெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். புல்லோ கணுக்காலுக்கு வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது.

“ஞாயித்துக்கிழமை நம்ம பாப்பாவுக்குக் கல்யாண நிச்சயம். விருந்து இந்தப் புல்லு மேலதான். நாளைக்குக் காலையில வண்டி ஓடலீன்னா ஊட்டியில இருந்து இந்த வண்டி ஓட்டிப் பழகுன ஆள் ஒருத்தன் வர்றான். அவனையே இங்க குடி வெச்சுக்கலாம்னு இருக்கேன்.”

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அப்பா “சரிங்க” என்றார். ஊட்டிக்காரன் எங்கள் வீட்டில் குடியேறினால் நாங்கள் எங்கே போவது என்று நான் அம்மாவைக் கேட்டேன். “வாய மூடிட்டுப் படி அம்மணி” என்றாள். இரண்டு குண்டாவை எடுத்து வேண்டுமென்றே சத்தம் வரும்படி வைத்தாள்.

அன்று சாயங்காலம் சித்தப்பா இன்னொரு புதுப் பிளக் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். நான் ஷெட்டுக்குள் வண்டிச் சீட்டில் உட்கார்ந்து கொய்யாக்காய் தின்றுகொண்டிருந்தேன். அப்பா வந்தார். என்னை இறங்கச் சொல்லக்கூடத் தெம்பில்லை. நின்றபடியே காலை நீட்டி பிரேக்கை அமுக்கி, சாவியைத் திருப்பினார். எனக்குக் கீழே வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது.

“எறங்கு கண்ணு, எறங்கு!” என்று பதறிப்போய் என்னைத் தூக்கி இறக்கினார். இறக்கியதும் நின்றுவிட்டது. அப்பா மறுபடி திருப்பினார். ஓடவில்லை. நான் ஏறி உட்கார்ந்தேன், திருப்பினார், ஓடியது. இறங்கினேன், திருப்பினார், ஓடவில்லை. மூன்று தடவை இப்படி ஏறி இறங்கிப் பார்த்தோம்.

சித்தப்பா வந்து சீட்டைத் தூக்கிப் பார்த்தார். அடியில் ஸ்பிரிங் வைத்த சின்ன சுவிட்சு ஒன்று இருந்தது.

“அடக் கெரகமே! ஆள் உக்காந்தாத்தான் கரண்டு போவுமாட்டிருக்குது. தவறிக் கீழ வுழுந்துபோட்டா பிளேடு நிக்கோணுமுல்ல, அதுக்கு வெச்சிருக்கறான். ஏனுங்ண்ணா, காலையில நீங்க எப்படி ஸ்டார்ட் பண்ணுவீங்க?”

“நின்னுட்டு.”

“ஏன் நின்னுட்டு...” என்று ஆரம்பித்த சித்தப்பா, பாதியில் நிறுத்திவிட்டு ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தார்.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். “அப்ப நாளைக்கு உக்காந்து திருப்புங்கப்பா, அவ்வளவுதானே!” என்றேன். வீடு தப்பித்தது, ஊட்டிக்காரன் ஊட்டியிலேயே கிடப்பான், அதுவும் என்னால். ஆனால் அப்பா சாவியை உருவிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். கண்டுபிடித்தவளுக்கு ஒரு சபாஷ்கூட இல்லை.

சனிக்கிழமை விடிந்ததுமே நான் கொய்யாமரத்தில் ஏறிவிட்டேன். சித்தப்பாவும் லீவு போட்டுவிட்டு வந்து ஷெட் ஓரமாக நின்றார். முதலாளி வந்தார். துண்டு கக்கத்துக்குப் போனது. அப்பா ஷெட்டுக்குள் போய், வாய் கட்டிய மணல் மூட்டை ஒன்றைத் தூக்கிவந்தார். அதைச் சீட்டின் மேல் வைத்தார். சாயாமல் சரிசெய்தார். பிறகு பக்கத்தில் நின்று, காலால் பிரேக்கை அமுக்கி, சாவியைத் திருப்பினார்.

வண்டி ஓடியது.

“அட! மூட்டை எதுக்கப்பா?” என்று முதலாளி கேட்டார்.

“சீட்டு மேல பாரம் இருந்தாத்தான் ஓடுமுங்களாமா.”

முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். “பரவால்லியே, மூளைக்காரன்தான். ஊட்டிக்காரனை வர வேண்டாம்னு சொல்லிப்போடறேன்” என்றார். நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்த வண்டியைக் கொஞ்ச நேரம் திருப்தியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கார் கேட்டைத் தாண்டும்வரை மூட்டை சீட்டில் இருந்தது, அப்பா பக்கத்தில் நின்றார். அப்புறம்தான் மூட்டையை இறக்கிவிட்டு, துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மத்தியானத்துக்குள் புல் முழுக்க வெட்டியாகிவிட்டது.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மரத்தில் இருந்து குதித்துச் சித்தப்பாவிடம் ஓடினேன். “நாம அவ்வளவு தெளிவாச் சொன்னமில்லீங்க? உக்காந்தாப் போதும்னு அப்பாவுக்குப் புரியவே இல்லீங்களா?”

உலகத்தில் எல்லாவற்றுக்கும் ரிப்பேர் சொல்லுகிற சித்தப்பா, “புரிஞ்சுது கண்ணு” என்று மட்டும் சொன்னார். மொபெட்டை ஸ்டார்ட் செய்யாமல் கேட்டுவரை தள்ளிக்கொண்டே போனார்.

திங்கட்கிழமை வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னேன். நிமிர்ந்து உட்கார்ந்து வண்டி ஓட்டுகிற அப்பாவைப் பற்றி நான் அளந்ததெல்லாம் அவர்களுக்கு ஞாபகம் இருந்தது. இப்போது, சீட்டு எதற்கு என்றே தெரியாமல் மூட்டையை உட்கார வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்ற அப்பாவைப் பற்றிச் சொன்னேன். துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் எப்படி நின்றார் என்று நடித்தும் காட்டினேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது நான்தான்.