புறப்பட்ட ஆறுமுகமும் வந்து சேர்ந்த வீராசாமியும்

எங்கள் சைக்கிள் கிளப்பின் ஒன்பதாம் விதி இது: "புறப்பாட்டுத் தாளில் எந்தப் பெயர் எழுதப்பட்டதோ அதே பெயர் வருகைத் தாளிலும் இருக்க வேண்டும். பெயர் பொருந்தாதவருக்கு நேரம் கணக்கிடப்படமாட்டாது." விதியில் குறை ஒன்றுமில்லை. ஆங்கிலத்திலிருந்து அதைத் தமிழில் எழுதிக் கொடுத்தவன் நான். அதை முதலில் மீறியவனும் நான்தான்.

இந்த மொரீஷியஸ் தீவில் தினமும் காலையில் என் தகப்பனாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு என் கையில் ரொட்டியைக் கொடுக்கிறார்கள். "போன்ஜூர், மிஸ்யே குப்புசாமி!" அவர் காலமாகி இருபத்தாறு வருடமாகிறது. உயிரோடு இருந்தபோது எங்கள் தாலுகாவில் அவரைப் பெயர் சொல்லி அழைத்தவர் கலெக்டர் ஒருவர்தான். சென்னையில் கப்பலேறியபோது நான் கு. நாராயணசாமி. போர்ட் லூயியில் இறங்கியபோது அங்கிருந்த குமாஸ்தா, "கு என்றால் என்ன?" என்று கேட்டார். தகப்பனார் பெயர் என்றேன். "அப்படியானால் குடும்பப் பெயர்" என்று அதையே பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டார். இங்கே ஒருவருடைய சொந்தப் பெயர் வீட்டுக்குள் புழங்குவதற்கு. தகப்பன் பெயர் அரசாங்கத்துக்கும் அந்நியருக்கும். நம் ஊரில் ஒரே எழுத்தாகச் சுருங்கி நிற்பது இங்கே முழு ஆளாக எழுந்து நடக்கிறது. மகளும் பள்ளி ஆசிரியரான மருமகனும் வாழும் கான் தெ மாஸ்க் கிராமத்துக்கு, உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று நான் வந்த கதை அவ்வளவுதான்.

வந்த இரண்டாம் வருடம் என்னைச் சைக்கிள் கிளப்பின் காரியதரிசி ஆக்கினார்கள். சைக்கிளில் நான் ஏறியதே இல்லை. ஏறியவர்களுக்குக் கடிதம் எழுத நேரமில்லை. இங்கே புயல் மாதங்கள் முடிவது ஈஸ்டரோடு. ஜூனில் ஆலைப் புகைபோக்கி புகையத் தொடங்கினால் தெருவெல்லாம் கரும்பு வண்டிதான். நடுவில் கிடைக்கும் சில வாரங்களில்தான் பந்தயம். பருவத்தின் முதல் போட்டியை 'கோந்த்ர லா மோந்த்ர' என்பார்கள்; கடிகாரத்தை எதிர்த்து ஓடுவது என்று பொருள். ஒவ்வொருவராகப் புறப்பட வேண்டும். எதிரே ஆள் கிடையாது. அதில் முதல் ஐந்து பேர் மே மாதக் கடைசி ஞாயிறு ரோஸ் ஹில்லில் நகரத்துக் கிளப்போடு மோதலாம்.

ஆறுமுகம் முந்திய வருடம் ஆறாவதாக வந்தவர். முப்பத்து நான்கு வயது. இரண்டு ஆர்ப்பான், நம் கணக்கில் சுமார் இரண்டு ஏக்கர், கரும்பு நிலத்துக்குச் சொந்தக்காரர். ரோஸ் ஹில்லில் ஒரே ஒரு முறை ஓட வேண்டும், இந்த வருடமும் வாய்க்காவிட்டால் சைக்கிளை மாட்டுப்புல் சுமக்க விட்டுவிடுகிறேன் என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அந்த அம்மாள் இதை என் மகளிடம் சொல்லி, மகள் என்னிடம் சொல்லி, கிராமம் முழுவதற்கும் தெரிந்திருந்தது.

போட்டி அன்று மழை. முதுகுத் துணிகளில் எண்களைச் சலவை நீலத்தால் எழுதியிருந்தோம். ஆறுமுகம் வரிசையில் நின்றபடியே திரும்பிப் பார்த்தார்.

"மாமா, மோ நிமேரோ போயிட்டுது! எண்ணைத் தண்ணி தின்னுட்டுது!"

பின்னால் நின்ற ஒருவர் கத்தினார்: "கெத் லி! அவரைப் பாருங்க, நீலமா வழியுது. கிருஷ்ணசாமி புறப்படறாரு, வழி விடு!"

அன்று அவருக்குக் கிடைத்த மூன்றாவது பெயர் அது. முதல் இரண்டும் என் கையிலிருந்த புறப்பாட்டுத் தாளில் 'வீராசாமி ஆறுமுகம்' என்று இருந்தன. எண் இல்லையென்றால் பெயரை வைத்துக் குறிக்க வேண்டும் என்பது விதி. முப்பத்தொரு வருடம் பட்டாப் பதிவேடு எழுதிய கை சும்மா இருக்குமா? தகப்பன் பெயர் முழு நீளத்தில் முன்னால் நிற்பது ஒழுங்காகப் படவில்லை. அடித்துவிட்டு 'வீ. ஆறுமுகம்' என்று பிரெஞ்சு எழுத்தில் திருத்தி, ஓரத்தில் சுருக்கொப்பமும் இட்டேன். அவர் புறப்பட்டார்.

முடிவிடம் பிளாக் ரயில் நிலையம். அங்கே நடுவர் எமில் என்னும் கிரியோல்காரர். ஆலையில் கரும்பு எடை போடுபவர். வந்து விழுந்த ஆளிடம் பெயரைக் கேட்டார். பென்சிலும் தாளுமாக அந்நியர் ஒருவர் கேட்டால் இந்தத் தீவில் யாரும் சொல்லும் பதிலையே ஆறுமுகமும் சொன்னார்: "வீராசாமி." அன்றைய நேரங்களில் அவருடையதே மிகக் குறைந்தது. நடுவர்கள் கூடிப் பேசி மாற்றிவிடக்கூடாது என்பதற்காக இரண்டு தாள்களும் தனித்தனியே முத்திரையிட்டு, போட்டிகளை நடத்தும் ரோஸ் ஹில் கமிட்டிக்குப் போயின. நல்ல விதி. நானே கைதட்டி வரவேற்ற விதி.

பத்தாம் நாள் கமிட்டியின் கடிதம் வந்தது. ஆறுமுகம் என்பவர் புறப்பட்டிருக்கிறார், வந்து சேரவில்லை, வழியில் தேடப்பட்டாரா? வீராசாமி என்பவர் வந்து சேர்ந்திருக்கிறார், புறப்படவே இல்லை, எங்கிருந்து வந்தார்? ஆறுமுகத்தை அழைத்து வாசித்துக் காட்டினேன்.

"ஆறுமுகத்தைத் தேடினீங்களா, மாமா?"

"சிரிக்காதே அப்பா. எழுத்தில் பதில் கொடுக்க வேண்டும். வீராசாமி எங்கிருந்து வந்தார்?"

"அவர் கப்பல்லே வந்தார். எங்கப்பா. அவருக்கு பிசிக்லேத் தெரியாது."

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு கற்காதவனுக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார்: "எழுதுங்க. தூலேதே மோ மேம். ரெண்டும் நானேதான்."

பிழை என்னுடையது என்று ஆங்கிலத்தில் நான்கு பத்திகள் எழுதினேன். முத்திரையிட்ட தாளை அதை எழுதியவரே திருத்த முடியாது, பன்னிரண்டாம் விதி, என்று பதில் வந்தது. தாம் இருவரும் ஒருவரே என்று இரு ஓட்டக்காரர்களும் தனித்தனியே உறுதிமொழி தரலாம் என்றும் சொல்லியிருந்தார்கள். ஆறுமுகம் வந்து, ஒரு தாளில் ஒரு பெயரும் மறுதாளில் மறுபெயருமாகக் கையெழுத்திட்டார். இரண்டாவதைப் போடும்போது கொஞ்சம் தயங்கினார். தகப்பன் பெயரை மட்டும் தனியே எழுதிப் பழக்கமில்லை என்றார்.

தாலுகா ஆபீசில் எனக்கு ஒரு மனுதாரர் இருந்தார். பட்டாவில் கா. முருகன், மனுவில் கூ. முருகன். நான்கு முறை திருப்பி அனுப்பினேன். நான்கு முறையும் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "ரெண்டும் நான்தானுங்க" என்றார். அது ஆதாரமாகாது என்று நான் சொன்னது சட்டப்படி சரி. இப்போதும் சரிதான். ஐந்தாம் முறை அவர் வரவில்லை, கோப்பை முடித்துவிட்டேன். இவ்வளவு காலம் அவர் ஞாபகத்துக்கு வந்ததே இல்லை.

மே மாதக் கடைசி ஞாயிறும் வந்தது, பதில் வரவில்லை. இந்த வருடம் ஆறாவதாக வந்த வேறொருவரை ஐந்தாவதாக அனுப்பினோம். அவருடைய முன்சக்கரம் வளைந்திருந்தது. ஆறுமுகம் தன் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, முன்சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்தார். ரோஸ் ஹில்லுக்கு ரயிலில் வந்து என் பக்கத்தில், வேலியோரமாக நின்றார். எங்கள் ஆட்கள் கடந்து போனபோது எல்லோரும் முகங்களைப் பார்த்தார்கள். அவர் மட்டும் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாப் போவுது," என்றார்.

"யார்?"

"சக்கரம்."

ஜூனில் ஆலை புகைந்தது. வாக்குக் கொடுத்தபடி சைக்கிளின் பின்னால் மரச்சட்டம் ஏறியது, சட்டத்தின்மேல் புல்கட்டு. என் வாசலைக் கடக்கும்போது மணி மட்டும் அடிப்பார். நான் மாதம் ஒரு நினைவூட்டல் அனுப்பினேன். ஒவ்வொன்றிலும் முந்தியதன் தேதியைக் குறிப்பிட்டேன். நினைவூட்டல் எழுதுவதில் என்னைக் குறை சொல்ல ஆளில்லை.

கரும்பு வெட்டு உச்சத்தில் இருந்தபோது ஒரே தபாலில் இரண்டு உறைகள் வந்தன. ஆறுமுகம் வயலிலிருந்து நேரே வந்தார்; தலைமுடியில் கரும்புச் சோகை. முதல் கடிதம் திருவாளர் வீராசாமிக்கு: உறுதிமொழி ஏற்கப்பட்டது, அவருடைய நேரமே அன்றைய முதல் நேரம், மே மாதக் கடைசி ஞாயிறு ரோஸ் ஹில்லுக்குத் தவறாமல் வரவும். இரண்டாவது திருவாளர் ஆறுமுகத்துக்கு: உறுதிமொழி ஏற்கப்பட்டது, அவர் வந்து சேராததற்குக் கமிட்டி வருந்துகிறது, அடுத்த பருவத்தில் நல்லபடி அமைய வாழ்த்துகிறது.

இரண்டையும் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "அப்பா ஜெயிச்சிட்டாரு," என்று முதல் கடிதத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். "சாமி அறையிலே அவர் படம் இருக்கு. அங்கே வைக்கிறேன்." இரண்டாவதை என்னிடமே நீட்டினார். "இது உங்ககிட்ட இருக்கட்டும், மாமா."

மேசை இழுப்பறையில் சென்னைத் துறைமுகத்தில் கொடுத்த பயணச் சீட்டு இருக்கிறது, கு. நாராயணசாமி, புறப்பாடு என்று எழுதியது. அதன்மேல் இந்தக் கடிதத்தை வைத்தேன். வைக்குமுன், பழைய வழக்கப்படி, இடது ஓரத்தில் எழுதினேன்: பெறப்பட்டது, அக்டோபர் 9.