அகலிகையின் முதுகு

எனக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. முடிந்த படத்தைச் சுவரில் சாய்த்துவிட்டால், போகும்போதும் வரும்போதும் அதில் ஒரு தீற்று தீற்றாமல் இருக்க முடியாது. "ஒன் கையக் கெட்டிப் போட்டாத்தான் படம் பொழைக்கும்" என்பார் என் வீட்டுக்காரர். சாலைக் கடைத்தெருவில் ஓர் அரிசிக் கடையின் மாடியில் குடியிருக்கிறோம். திருநெல்வேலியிலிருந்து இந்த மலையாள ஊருக்கு வந்து எட்டு வருஷம் ஆகிறது.

போன மழைக்காலம் முடிந்ததும் கல்லாறு போனேன். ஆற்றின் நடுவே ஒரு பாறை, பாதி பாசி, பாதி ஈரம். ஒரு பெண் முகத்தைத் தண்ணீருக்குள் மறைத்துக்கொண்டு குப்புறக் கிடப்பது மாதிரி இருந்தது. முதுகெலும்பு கூடத் தெரிந்தது. அகலிகை என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். கணவன் சபித்துக் கல்லானவள். ராமன் கால் பட்டு அவள் எழுவதைத்தான் எல்லோரும் வரைகிறார்கள். அதுவரை அவள்மேல் எத்தனை மழை பெய்ததோ! எனக்கு அந்த மழைதான் வேண்டியிருந்தது.

மூன்று மாதம் வரைந்தேன். இனி தொடக்கூடாது என்று எனக்கே தோன்றிய முதல் படம் அது. முதல்முறையாக ஒரு கண்காட்சிக்கும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். ஃபிரேமுக்கு அளவு கொடுக்க, கிழக்கேகோட்டையில் வழக்கமாகப் போகும் கடைக்குக் கொண்டுபோனேன். கடையை நடத்தும் சேச்சி என்னோடு தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். அன்று டேப்பைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

"இது கண்டா எனக்கு சங்கடம் வருது, கேட்டோ" என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமலே அளவெடுத்தார்.

எனக்குச் சுருக்கென்றது. முதுகு முழுக்கத் திறந்து கிடக்கிறதே, அதுதான் அவருக்குக் கூச்சமாக இருக்கிறது என்று நினைத்தேன். தினமும் படங்களோடு இருக்கிறவருக்கே இப்படியென்றால் கண்காட்சிக்கு வருகிறவர்கள் என்ன சொல்வார்கள்? வீட்டுக்கு வந்து சேலையைக்கூட மாற்றவில்லை. பச்சையைக் குழைத்து, தோளிலிருந்து இடுப்புவரை பாசியை ஏற்றினேன். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கை ஓயவில்லை. ஓய்ந்தபோது அங்கே பெண் இல்லை. நல்ல பாறை ஒன்று இருந்தது.

இரண்டு நாள் கழித்துக் கடைக்கு எடுத்துப்போனேன். சேச்சி படத்தை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"அவ எங்கே?"

"நீங்கதான சேச்சி சங்கடமா இருக்குன்னு சொன்னிய?"

"அதே, சங்கடம் வந்துச்சு. வீட்டுல போயும் ஞான் கரஞ்ஞேன். அவளை எதுக்கு மாய்ச்சே?"

எட்டு வருஷமாக இந்த ஊரில் காய்கறி வாங்குகிறேன். விலை பேசும் மலையாளத்தில் இந்தச் சொல் வந்ததே இல்லை. எனக்குச் சங்கடம் என்றால் கூச்சம். சேச்சிக்கு அது துக்கம், கண்ணீர். என்ன சங்கடம் என்று அன்றே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என்மேலேயே ஆத்திரமாக வந்தது. இந்த முறை அவளைக் கல்லாக்கியது முனிவர் இல்லை, நான்.

சேச்சி ஒரு துணியை நனைத்து ஓரமாகத் தேய்த்துப் பார்த்தார்.

"வராது சேச்சி. காஞ்சிட்டு."

"பின்னே, அவ உள்ளே உண்டல்லோ?"

"உள்ளதான் இருக்கா."

அவர் துணியைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பாசிமேல் உள்ளங்கையைப் பதித்துக்கொண்டு நின்றார். எனக்கும் சங்கடம் வந்தது. சேச்சி சொல்லும் சங்கடம்.