என்னிடம் சொல்லாத காய்ச்சல்

ஹவுஸ் சர்ஜனாக இருந்த வருஷம், எங்கள் பேராசிரியை என்னைக் கல்வராயன் மலைக்கு அனுப்பினார். மனிதர், கால்நடை, சுற்றுச்சூழல் மூன்றின் நலத்தையும் சேர்த்துப் படிக்க வைக்கும் ஒரு மாதப் பயிற்சி அது. மூன்று கல்லூரிகள், கல்லூரிக்கு ஒருவர். மருத்துவத்துக்கு நான். கால்நடை மருத்துவத்துக்கு எலவனாசூர்கோட்டைக்காரன் ஒருவன், என் வயதுதான். சுற்றுச்சூழல் அறிவியலுக்குக் கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு பெண், எங்களைவிடச் சின்னவள்.

சங்கராபுரத்தில் எங்கள் குடும்பத்தின் முதல் டாக்டர் நான். படிப்பு முடியாத காலத்திலேயே, தெருவில் போனால் பெரியவர்கள் கூப்பிட்டுத் தங்கள் மாத்திரைச் சீட்டைக் காட்டுவார்கள். மலையிலும் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணிப் போனேன்.

முதல் நாள் அங்கன்வாடியில் பி.பி. கருவியோடு உட்கார்ந்தேன். எட்டுப் பேர் வந்தார்கள். கையை நீட்டினார்கள், மாத்திரையை வாங்கினார்கள், போய்விட்டார்கள். எலவனாசூர்கோட்டைக்காரனோ மரவள்ளிக் காட்டைத் தாண்டி ஆட்டுப்பட்டிகளுக்குப் போனான். சாயங்காலம் திரும்பும்போது அவன் பின்னால் நாலு பேர் பேசிக்கொண்டே வந்தார்கள். கையில் யாரோ கொடுத்த பலாப்பழம். சின்னவளும் அவனும் சுளை சுளையாகத் தின்றார்கள். எனக்குப் பலாப்பழம் ஒத்துக்கொள்ளாது என்றேன். அது பொய்.

இரண்டாம் நாள் ஒரு பெண் வந்தார். நாற்பது வயது இருக்கும். ஒரு மாதமாகக் காய்ச்சல் வருகிறது, போகிறது. இடுப்பும் மூட்டும் வலிக்கிறது. சாயங்காலமானால் வியர்த்துக் கொட்டுகிறது. இருமல் உண்டா, வெளியூர் போனீர்களா என்று பாடத்தில் உள்ளபடி எல்லாம் கேட்டேன். எல்லாவற்றுக்கும் "இல்ல" என்றார். டைபாய்டாக இருக்கலாம் என்று எழுதி, மலைக்குக் கீழே உள்ள ஆய்வகத்துக்கு அனுப்ப ரத்தம் எடுத்து வைத்தேன்.

அன்றைக்குச் சாப்பிடும்போது அவன் சொன்னான்: "இன்னிக்கு உங்ககிட்ட வந்த அக்கா வூட்ல மூணு ஆடு மாசம் நெறையாமலே குட்டி வீசிடுச்சுங்க. செத்த குட்டிய அந்தக்காவே வெறுங்கையால இழுத்துப் போட்டிருக்கு. எனக்கென்னவோ புருசெல்லாவோன்னு இருக்கு. ரத்தத்துல அதையும் சேத்துப் பாக்கச் சொல்லுங்களேன்."

ஆட்டிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் அந்தக் காய்ச்சலை நானும் அரைப்பக்கம் படித்திருந்தேன். அவன் சொல்வது சரியாக இருக்கும் என்று அந்த நிமிஷமே தெரிந்தது. என்னைச் சுட்டது வேறு. என் எதிரே கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தவர் என்னிடம் சொல்லாததை இவனிடம் சொல்லியிருக்கிறார்.

"நீங்க ஆட்டப் பாருங்க. மனுஷங்கள நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அவன் தட்டைக் கழுவப் போனான். ரத்தம் டைபாய்டு பரிசோதனைக்கு மட்டும் போனது. அடுத்த வாரம், டைபாய்டு இல்லை என்று வந்தது. காய்ச்சல் நிற்கவில்லை. நான் மாத்திரையை மாற்றிக் கொடுத்தேன்.

மூன்றாம் வாரம் எங்களுக்கு ஆள் மாற்றம். ஒருவர் வேலையை இன்னொருவர் செய்ய வேண்டும் என்பது பயிற்சியின் விதி. சின்னவள் என் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவன் அவளுடைய தண்ணீர் மாதிரி எடுக்கும் குப்பிகளோடு ஓடைக்குப் போனான். நான் ஆட்டுப்பட்டிக்கு. எங்கள் வீட்டில் மாடு உண்டு. ஆனால் படிக்கிற பெண் என்று என்னைச் சாணியில் கால் வைக்க விட்டதில்லை. அவன் ஆடு மேய்த்து வளர்ந்தவன்.

முதலில் அந்தப் பெண்ணின் பட்டி. ஒரு செவலை ஆட்டின் கொம்பை என் கையில் பிடிக்கக் கொடுத்து, அதன் குளம்பைப் பார்க்கச் சொன்னார். இது எத்தனை ஈற்று என்று கேட்டேன். அவ்வளவுதான், பேச ஆரம்பித்துவிட்டார். எந்த ஆடு எப்போது குட்டி வீசியது, நஞ்சுக்கொடி விழாமல் எத்தனை நாள் கிடந்தது, செத்த குட்டிகளை ஓடைக்கரையில் எங்கே போட்டார், எல்லாம் வந்தது.

"உங்களுக்குக் காய்ச்சல் எப்ப ஆரம்பிச்சது?"

"இந்தச் செவல குட்டி வீசின பின்னாலதான்."

"இத ஏன் அன்னிக்கே எங்கிட்ட சொல்லல?"

மலையில் எல்லாருக்கும் 'நீ'தான். "நீ கேக்கலியே. காய்ச்சலத்தான கேட்ட?" என்றார்.

அன்றே ரத்தத்தை அனுப்பினேன். புருசெல்லா என்று உறுதியானது. ஓடையிலிருந்து அவனும் ஒரு சேதியோடு வந்திருந்தான்: ஊர் குடிநீர் மொள்ளும் இடத்துக்கு மேலேதான் செத்த குட்டிகள் கிடக்கின்றன. சின்னவள் அதைத் தன் வரைபடத்தில் குறித்தாள்.

கள்ளக்குறிச்சியில் நடந்த கூட்டத்தில் பேராசிரியை கேட்டார், முதலில் யாருக்குச் சந்தேகம் வந்தது என்று.

"பட்டியில பேசினப்ப தெரிஞ்சுது மேம்" என்றேன்.

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. இதற்குத்தான் ஆள் மாற்றம் வைத்தோம் என்று அவர் என்னைப் பாராட்டினார். பக்கத்தில் அவன் தன் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். மலைக்குத் திரும்பும் பஸ்ஸில் சின்னவள் மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, அவரு மொத வாரமே சொன்னாரில்ல?"

"சொன்னாரு."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கடைசி வாரம் அவரவர் பழைய வேலைக்குத் திரும்பினோம். மாத்திரை தொடங்கியதும் அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் இறங்கியது. ஒரு பாட்டில் தேனோடு என்னிடம் வந்தார். அதே வாரம் அவன் அவருடைய ஆடுகளைப் பரிசோதித்து, மூன்றைத் தனியே கட்டச் சொன்னான். சந்தைக்கு ஓட்டக் கூடாது, மற்ற ஆடுகளோடு மேய விடக் கூடாது, குட்டி வீசினால் ஆழமாகப் புதைத்துச் சுண்ணாம்பு போட வேண்டும். ஊர் அவருடைய மந்தையையே ஒதுக்கியது.

"இனிமே எம் பட்டிப் பக்கம் வராத! ஒன்னாலதான் எங்க ஆட்ட யாரும் அண்டவிடல" என்று அவர் நடுத்தெருவில் அவனைப் பார்த்துக் கத்தினார்.

அதற்குப் பிறகு அவனை ஒருவரும் கூப்பிடவில்லை. என் முன்னால் வரிசை நின்றது. நான் ஆசைப்பட்டது அப்படியே கிடைத்துவிட்டது. அவனோ அங்கன்வாடிப் படியில் உட்கார்ந்து, சின்னவளின் குப்பிகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தான். முகத்தில் கோபமே இல்லை. அதைப் பார்த்தும் எனக்குப் பொறாமைதான் வந்தது. அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் காய்ச்சலை முதலில் கண்டுபிடித்தது நான்தான் என்று ஊருக்கே கேட்கக் கத்தியிருப்பேன்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன்.

"உங்க காய்ச்சலக் கண்டுபிடிச்சதே அவருதாங்க. மொத வாரமே எங்கிட்ட சொன்னாரு. நான்தான் கேக்கல."

அவர் முறத்திலிருந்த சாமையைக் கீழே வைத்தார். "அப்ப ரெண்டு வாரம் நான் சும்மாவா காய்ச்சல்ல கெடந்தேன்?"

"ஆமாங்க."

"அப்ப நீ இன்னாதான் பண்ணின?"

அவர் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலையில் அங்கன்வாடி வாசலில் வந்து நின்று, என்னைப் பார்க்காமல் அவனிடம், "கருப்பாடு ஈனப் போவுது, வந்து பாரு" என்றார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அவன் கையுறைகளை எடுத்துக்கொண்டு ஓடினான். தனக்கு ஒரு ஜோடி, அவருக்கு ஒரு ஜோடி.

அன்று பேராசிரியைக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, "ரிப்போர்ட்டை மாத்தி எழுது. ரெண்டு வாரம் ஏன் தாமதமாச்சுன்னும் எழுது" என்றார். எழுதினேன். அதுவரை நான் எழுதியதிலேயே கடினமான பக்கம் அது. அடுத்தடுத்து மலையேறும் மாணவர்களுக்கு, என் பெயரை எடுத்துவிட்டு, அந்தப் பக்கத்தை வாசிக்கக் கொடுக்கிறார்கள்.

இப்போது நான் சங்கராபுரம் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிறேன். அவன் மலைமேல் கால்நடை மருந்தகத்தில். நாள்பட்ட காய்ச்சல் என்று யார் வந்தாலும், வீட்டில் ஆடு மாடு எப்படி இருக்கிறது என்று முதலில் கேட்கிறேன். சந்தேகம் வந்தால் அவனுக்குப் போன் செய்கிறேன். போன வாரம் மலையிலிருந்து இறங்கி வந்த ஒருவர், எல்லாவற்றையும் என்னிடம் சொல்லிவிட்டு, "எங்க ஆட்டு டாக்டர ஒரு வார்த்த கேட்டுட்டு மாத்திர குடு" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. போனை எடுத்து அவனை அழைத்தேன்.