மூடியில் ஊற்றிக் குடித்தவர்

என் அப்பா வாழ்நாளில் ஒரு சொட்டுச் சாராயம் தொட்டதில்லை. இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் பள்ளத்தாக்கில் சபைக்குப் போகிற பாதிப் பேர் அவரைத் திருந்திய குடிகாரர் என்றுதான் நம்புகிறார்கள். நம்ப வைத்தவன் நான். மைக்கைப் பிடித்து, கண்ணை மூடி, குரலை நடுங்கவிட்டு, ஊர் ஊராகப் போய் நம்ப வைத்தேன்.

போடி பஜாரில் அப்பாவுக்கு ஹார்டுவேர் கடை. நான் படிப்பை முடித்ததும் நண்பர்கள் மூன்று பேருடன் ராக் பேண்ட் ஆரம்பித்தேன். எலெக்ட்ரிக் கிட்டார், டிரம்ஸ், பாட்டெல்லாம் இயேசுவைப் பற்றி. எங்களிடம் கள்ளம் எதுவும் இல்லை. உண்மையாகவே விசுவாசித்தோம், உண்மையாகவே சத்தம் போட்டோம். ஆர்மோனியமும் தபேலாவும் கேட்டுப் பழகிய சபைப் பெரியவர்களுக்குத்தான் அது ஆகவில்லை. மூன்று கன்வென்ஷன் கூட்டங்களில் பாதிப் பாட்டிலேயே கரண்டைப் பிடுங்கிவிட்டார்கள்.

அப்போது கூட்டங்களில் பிரசங்கம் செய்கிற ஒரு ஊழியக்காரர் எனக்கு வழி சொன்னார். கூட்டத்தின் நடுவில் சாட்சி சொல்வது எங்கள் வழக்கம். எப்படிக் கெட்டுப்போயிருந்தோம், ஆண்டவர் எப்படி மீட்டார் என்று எழுந்து நின்று சொல்ல வேண்டும். கெட்டது எவ்வளவு பெரிதோ அவ்வளவு பலமாக ஸ்தோத்திரம் விழும். "வெறும் பாட்டுன்னா கூத்தும்பாக தம்பி. சாட்சியோட வந்தா ஊழியம்பாக," என்றார். எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை, நான் பீடிகூடப் பிடித்ததில்லை. அதையும் அவரே யோசித்து வைத்திருந்தார். "அப்பா பெருங்குடிகாரரு. ஒம்பாட்டக் கேட்டுத் திருந்துனாக. இது போதும்."

நான் அப்பாவிடம் போய்க் கேட்டேன். கேட்டேன் என்பதுதான் இன்றைக்கும் வயிற்றெரிச்சல். கேட்காமல் சொல்லியிருந்தால் அயோக்கியன் என்று ஒத்துக்கொண்டாவது போயிருப்பேன். கதவுக் கீல்களை டஜன் டஜனாகக் கட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"சொன்னாத்தான் பாட விடுவாகளா?"

"ஆமாப்பா."

"சரி, சொல்லிக்க. ஆண்டவருக்குத் தெரியும்ல."

அதற்குப் பிறகு யாரும் கரண்டைப் பிடுங்கவில்லை. பத்து வருடம் பாடினோம். வடுகபட்டி, சின்னமனூர், கம்பம் என்று மேடை ஏறாத ஊரில்லை. முதல் வருடம் அப்பா வெறுமனே குடித்தார். அடுத்த வருடம் அம்மாவை அடித்தார். அதற்கடுத்த வருடம் தாலியை விற்றார். எங்கே ஜனம் உச்சுக் கொட்டியதோ அங்கே ஒரு வரியைக் கூட்டிக்கொண்டேன். அம்மா கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். அக்காவுக்குக் கூடிவந்த சம்பந்தம் 'குடிகாரர் வீடு' என்று தட்டிப்போனது. அன்றிலிருந்து அக்கா என் முகம் பார்த்துப் பேசுவதில்லை.

கடையில் நடந்தது இதைவிடக் கொடுமை. சாட்சியைக் கேட்ட பெண்கள் தங்கள் புருஷன்மாரை அப்பாவிடம் இழுத்துக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். "அண்ணாச்சி, நீங்க எப்பிடி விட்டீகளோ அதை இவுகளுக்கும் சொல்லுங்க." சின்னமனூரிலிருந்து ஒரு பெண், எஸ்டேட்டுக்கு ஜீப் ஓட்டுகிற தன் கணவரோடு வாராவாரம் பஸ் ஏறி வந்தாள். அந்த மனிதரைப் பெயிண்ட் டப்பா மேல் உட்காரவைத்து, பால் சேர்க்காத கட்டன் சாயா வாங்கிக் கொடுத்து, அப்பா ஏதோ பேசிக்கொண்டிருப்பார். குடித்தே அறியாத மனிதர் குடியை விட்ட கதையை என்னவென்று சொல்லியிருப்பார்? நான் கேட்டதில்லை. கேட்க எனக்கு முகமில்லை.

பிறகு பேண்ட் கலைந்தது. ஒருவன் துபாய்க்குப் போனான், மற்ற இருவருக்கும் வேலை, குடும்பம். எங்கள் பாட்டுகளுக்கு நானே வீடியோ எடுத்து, நானே எடிட்டிங் செய்து பழகியதில் எனக்கு சினிமாப் பைத்தியம் பிடித்திருந்தது. கிட்டாரை விற்று கேமரா வாங்கினேன். அந்த நேரம் பார்த்து அதே ஊழியக்காரர் வந்தார். என் சாட்சியையே படமாக எடுக்க வேண்டுமாம், முக்கால் மணி நேரம், சபை சபையாகப் போடலாமாம், நான்தான் டைரக்டராம். டைரக்டர் என்ற சொல் காதில் விழுந்ததும் மிச்சம் மீதி இருந்த மூளையும் போய்விட்டது.

கம்பத்துக்குப் பக்கத்தில், ஒரு திராட்சைப் பந்தலை ஒட்டிய ஓட்டு வீட்டில் ஷூட்டிங். அப்பா வேஷத்துக்கு மதுரையிலிருந்து ஒரு நாடக நடிகரை வரச் சொல்லியிருந்தோம். அவர் காலையிலேயே நிஜமாகக் குடித்துவிட்டு வந்து இறங்கினார். நற்செய்திப் படத்தில் குடிகாரனா என்று சபைக் கமிட்டிக்காரர்கள் கொதித்துப்போய் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். குடிகாரன் வேஷத்துக்குக் குடிகாரன் ஆகாதாம், குடிக்காதவர்தான் வேண்டுமாம். எங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்த அப்பாவைக் காட்டி, "சம்பந்தப்பட்டவுகளே இருக்காகளே," என்றார் ஊழியக்காரர்.

நான் மறுத்திருக்க வேண்டும். வெயில் போய்விடுமே என்று கவலைப்பட்டேன்.

வெள்ளை வேட்டியை அவிழ்த்து லுங்கி கட்டினார்கள். பிராந்தி பாட்டிலில் கட்டன் சாயா ஊற்றிக் கையில் கொடுத்தார்கள். நான் ஆக்ஷன் சொன்னேன். அப்பா பாட்டிலைத் திறந்தார். மூடியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, விளிம்பு வரை நிதானமாக ஊற்றி, அண்ணாந்து குடித்தார். பாட்டிலின் கழுத்தை விரலால் துடைத்து, மூடியை இறுக்கித் திருகி, ஓரமாக வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். இருமல் மருந்தை அவர் அப்படித்தான் குடிப்பார். எங்களுக்கும் அப்படித்தான் கொடுப்பார்.

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் கத்தினேன். "என்னப்பா, மருந்தா குடிக்கிறீக? அப்பிடியே தூக்கி வாயில ஊத்துங்க!"

"எவ்வளவுய்யா குடிப்பாக? எனக்கு அளவு தெரியலையே," என்றார்.

சரி என்று சொன்ன பிறகு அந்தப் பொய்யைப் பற்றி அவர் என்னிடம் கேட்ட ஒரே சந்தேகம் அது. மறுபடி எடுத்தோம். ஏழாவது டேக்கில் புரையேறி, கண்ணில் நீர் வழிய, ஒருவழியாகக் குடிகாரர் ஆனார். ஓகே சொன்னேன்.

எடிட்டிங்கில் உட்கார்ந்தபோதுதான் அந்த முதல் டேக்கைத் தனியாகப் பார்த்தேன். திரும்பத் திரும்பப் பார்த்தேன். மூடியை இறுக்கிவிட்டுச் சரியா என்று கேட்கிற அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க என்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஊழியக்காரர் மேல் கோபம், ஸ்தோத்திரம் போட்ட ஜனத்தின் மேல் கோபம், எல்லாவற்றுக்கும் மேலாக என் மேலேயே கோபம். மற்றதையெல்லாம் தூக்கி எறிந்தேன். அந்த ஒரு டேக், நான் கத்தியது, அவர் அளவு கேட்டது, இவ்வளவுதான் படம் என்று முடிவு செய்தேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்து எங்கள் சபை ஹாலில் திரையிட்டோம். சிரித்தார்கள். பிறகு அமைதியானார்கள். புரிந்துவிட்டது என்று நினைத்தேன். ஊழியக்காரர் எழுந்தார். "பாத்தீகளா பிரியமானவங்களே! ஆண்டவர் எப்பேர்ப்பட்ட விடுதலை குடுத்திருக்கார். குடிக்கிறது எப்பிடின்னே மறந்துபோச்சு!" ஹால் முழுக்க அல்லேலூயா.

மைக்கைப் பிடுங்கினேன். "எங்கப்பா குடிச்சதே இல்ல. நான் சொன்னதெல்லாம் பொய்," என்றேன். அந்த மனிதர் அசரவில்லை. என் தோளைத் தட்டி, "தகப்பன் வெக்கத்த மூடுற பிள்ளை, பாருங்க," என்றார். அதற்கும் அல்லேலூயா.

வெளியே வண்டியருகே அப்பா நின்றிருந்தார். என்னைக் கண்டதும் குரலை உயர்த்தினார். அவரை நான் அப்படிப் பார்த்ததில்லை.

"ஆண்டவருக்குத் தெரிஞ்சாப் போதும்னு இருந்தேன்லே. போதல. எந்தெந்த ஊர்ல சொன்னியோ அங்கன எல்லாம் போ. இந்தப் படத்தப் போடு. பொய்யின்னு சொல்லு."

போய்க்கொண்டிருக்கிறேன். பழைய புரொஜெக்டரும் ஸ்பீக்கரும் வண்டியில் கட்டி, இடம் கொடுக்கிற சபைகளில் எல்லாம் போடுகிறேன். வடுகபட்டியில் ஸ்தோத்திரம்தான் விழுந்தது. சின்னமனூரில், படம் முடிந்து ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் பக்கத்தில் வந்தாள். ஜீப் டிரைவரோடு கடைக்கு வருவாளே, அவள்தான்.

"அண்ணாச்சி நெசமாவே குடிச்சதில்லையா?"

"நெசமாவே இல்லக்கா."

நம்பிவிட்டாள். இத்தனை ஊரில் நம்பிய முதல் ஆள் அவள்தான்.

"எங்க வீட்டுக்காரு குடிய விட்டு நாலு வருசமாச்சு. அண்ணாச்சியாலயே விட முடிஞ்சது, என்னால முடியாதான்னு சொல்லிச் சொல்லித்தான் விட்டாக. அவருகிட்ட மட்டும் சொல்லிறாதீக."

"அதைச் சொல்லத்தான்க்கா ஊர் ஊராப் போறேன்."

"பத்து வருசம் பொய் சொன்ன வாய்தான? ஒரு ஆளுக்கு மட்டும் இன்னும் சொல்லுங்க."

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. அவளைக் கூட்டிப்போக அவர் வந்திருந்தார். தலை வாரி, வெளுத்த சட்டை போட்டு, ஆள் நன்றாக இருந்தார். என்னைக் கண்டதும் வண்டியை நிறுத்திவிட்டு ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பா சொகமா இருக்காகளா தம்பி? இப்ப ஒண்ணும் தொடுறதில்லையே?"

"இல்லண்ணே," என்றேன். "விட்டுட்டாக."