ஏழாவது கதவும் நாலு டயரின் காற்றும்

ஒரே ஒரு நகரமாம். அந்த நகரத்தில் தெருவுக்குத் தெரு நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற பெரிய பெரிய வண்டியாம். பாண்டி பஜாரில் பார்க்கிங் தேடியதைத் தவிர அந்த வண்டிகள் வேறு எந்தக் கஷ்டத்தையும் பார்த்ததே இல்லையாம். அந்த வண்டிகளுக்கும் அவற்றின் சொந்தக்காரக் குடும்பங்களுக்கும் கோடை விடுமுறையில் கொஞ்சம் கல்லும் மண்ணும் காட்டிக் கூட்டி வருவதுதான் எங்கள் தொழில்.

குடும்பத்தோடு காரில் வெளியூர் போன எவருக்கும் நான் புதிதாக ஒன்றும் சொல்லிவிடப் போவதில்லை. முன் சீட்டில் வழி சொல்லித் திட்டு வாங்கியவர், நடு சீட்டில் வாந்திக் கவரைப் பிடித்தவர், பின் சீட்டில் தலையணைகளோடு தலையணையாகக் கிடந்தவர் எல்லாருமே என் இனம். நல்லவேளை, பள்ளிக்கூடம் திறந்துவிட்டார்கள். மூச்சு விட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

மந்தைவெளியில் ஒரு பழைய மெக்கானிக் ஷெட்டில் சாதிக் பாய் நடத்துகிற சின்னக் கம்பெனி எங்களுடையது. சனிக்கிழமை காலையில் மூன்று நான்கு குடும்பங்கள் அவரவர் வண்டியில் வந்து சேரும். ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஒரு மாந்தோப்பு, அதை ஒட்டி கோடையில் வறண்டு கிடக்கும் ஆற்று மணல். கல்பாதையில் ஓட்டி, மணலில் ஓட்டி, தோப்பில் கூடாரம் போட்டுத் தங்கி, ஞாயிற்றுக்கிழமை திரும்பிவிடுவோம். சமையலும் ரிப்பேரும் சாந்தோம் குப்பத்து ஆரோக்கியம் அண்ணன். கரடுமுரடான இடங்களில் வண்டிக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்துகொண்டு, எந்தச் சக்கரம் எங்கே போக வேண்டும் என்று கை காட்டிச் சொல்பவன் நான்.

சொல்பவன் என்றா சொன்னேன்? வம்பே அதில்தான். வீட்டுப் பெரியவர்கள் சொன்ன கதைகளுக்கு உம் கொட்டியே வளர்ந்தவன் நான். உம் கொட்டுவதற்கு எவ்வளவு சத்தம் வேண்டுமோ, அவ்வளவுதான் எனக்கு வாய்த்தது. பாய்க்குப் புகார் போய்க்கொண்டே இருந்தது. இந்த சீசன் ஆரம்பத்தில் அவர் என்னைக் கூப்பிட்டு முடிவாகச் சொல்லிவிட்டார்:

"ஒரு பார்ட்டியாவது 'பையன் சொன்னது கேட்டுச்சு பாய்'னு எங்கிட்ட வந்து சொல்லணும்பா. இல்லாங்காட்டி ஜூன்லேர்ந்து நீ கடையில குந்திக்கினு போன் எடு."

என் குரலை வைத்துக்கொண்டு போன் எடுப்பதா! மணல், கல், வெயில் எல்லாம் எனக்குப் பிடிக்கும். "ஹலோ... ஹலோ... கேக்கலீங்க" மட்டும் பிடிக்காது.

புறப்பட்டாச்சு

முதல் சனிக்கிழமை. ஆறு மணிக்கு எல்லாரும் ஷெட்டில் இருக்க வேண்டும். மயிலாப்பூர் குடும்பம் ஒன்று வரவே இல்லை. ஆரோக்கியம் அண்ணனோடு போய்ப் பார்த்தால், மாமி டிகாக்ஷன் இறங்கக் காத்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஸ்வெட்டர் தேடினார்கள். மே மாதத்தில், மாந்தோப்புக்கு. ஒன்பது மணிக்கு ராகு காலம், அதற்கு முன் கிளம்பிவிட்டால் நல்லது என்று வாசலில் நின்று மூன்று தடவை சொன்னேன். ஒருத்தர் காதிலும் விழவில்லை.

ஒன்பதுக்குச் சில நிமிடம் இருக்கும்போது மாமாவே கடிகாரத்தைப் பார்த்துப் பதறினார். சட்டென்று டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம். வண்டி அதை நசுக்கிக்கொண்டு கிளம்பியது. சரியாகத் தெரு முனை வரை போய் நின்றது. காலை டிபன் இன்னும் ஆகவில்லையாம். தெரு முனையிலேயே காருக்குள் உட்கார்ந்து, வீட்டிலிருந்து ஒவ்வொன்றாகக் கொண்டுவரச் சொல்லி, பொங்கல் சாப்பிட்டு, காபி குடித்து, அப்படியே ஒன்றரை மணி நேரம். மற்ற மூன்று வண்டிகளும் ஷெட்டில் வெந்துகொண்டிருந்தன. நான் ஜன்னல் ஓரம் குனிந்து, "மாமி, எப்போ கிளம்பலாம்?" என்றேன். அபூர்வமாக அது கேட்டுவிட்டது.

"கிளம்பறதாவது? நாங்க எப்பவோ பொறப்பட்டாச்சு. நின்னுண்டிருந்தா என்ன, போயிண்டிருக்கறதா நெனச்சுக்கோயேன்!"

வெள்ளை ஆயில்

அடையாறு குடும்பம் ஒன்று. தோப்பில் நாங்களே சாப்பாடு போடுகிறோம் என்றாலும், 'எதுக்கும் இருக்கட்டும்' என்று ஒரு பெரிய தூக்கு நிறைய இட்லி மாவு எடுத்து வந்திருந்தார்கள். சிந்திவிடக் கூடாதென்று மூடிக்கு மேல் துணி கட்டி, துணிக்கு மேல் கயிறு கட்டி, பின்பக்கம் வைத்திருந்தார்கள். வெயிலில் மாவு பொங்கும், கட்டை அவிழ்த்து மூடியைத் தளர்த்தி வையுங்கள் என்று வந்தவாசி தாண்டி டீக்கடையில் சொன்னேன். அந்த அக்கா சிரித்துக்கொண்டே தலையாட்டினார். கேட்காததற்குத்தான் அப்படி ஆட்டியிருக்கிறார்.

கல்பாதையில் வண்டி நான்காவது குலுக்கலில் இருந்தபோது உள்ளே டமால் என்று ஒரு சத்தம். அந்த சார் பிரேக் போட்டு, கீழே குதித்து, வண்டியைச் சுற்றி ஓடிப் பார்த்தார். பின்கதவின் இடுக்கு வழியாக வெள்ளையாக ஏதோ வழிந்துகொண்டிருந்தது. "இன்ஜின் ஆயில் போச்சு! கலரே மாறிப் போச்சு!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். இன்ஜின் முன்னால் இருக்கிறது என்று யாராவது அவருக்குச் சொல்ல வேண்டும். நான் சொன்னேன், ஆனால் அது கணக்கில்லை. ஆரோக்கியம் அண்ணன் நிதானமாக வந்து, ஒரு விரலால் தொட்டு, முகர்ந்து பார்த்தார்.

"ஆயில் இல்ல சார், மாவு. கெட்டெல்லாம் போவல, சூப்பரா பொங்கிக் கீது. அடுப்பு பத்த வைக்கட்டா?"

வடக்கே தலை

தி.நகர்க் குடும்பத்தின் தாத்தாவுக்கு எண்பது வயது இருக்கும். கூடாரத்துக்குள் நுழைந்ததும் சூரியனைப் பார்த்தார், திசையைக் கணக்குப் போட்டார். கூடாரம் போட்ட இடம் சரிவு, மேட்டுப் பக்கம் வடக்கு. படுத்தால் தலை மேட்டில் இருக்க வேண்டும், கால் பள்ளத்தில். அப்படியென்றால் தலை வடக்கே. கூடவே கூடாது என்றுவிட்டார். கூடாரத்தைக் குறுக்கே திருப்பிப் போட்டுத் தருகிறேன் தாத்தா, கிழக்கே தலை வைக்கலாம் என்றேன். அவருக்கு இரண்டு காதிலும் மெஷின். நான் பேசினால் மெஷினுக்கும் கேட்காது.

மொத்தக் குடும்பமும் தெற்கே, அதாவது பள்ளத்தில், தலை வைத்துப் படுத்தது. காலையில் டீ கொண்டுபோனேன். கூடாரத்தின் வாசல் பள்ளத்துப் பக்கம். ஜிப்பைத் திறந்ததும் ஏழு தலைகள் வரிசையாக வெளியே வந்தன. ராத்திரி முழுக்க வழுக்கி வழுக்கி வாசலில் வந்து அடைத்துக்கொண்டு கிடந்திருக்கிறார்கள். மருமகள் முறைத்த முறைப்பில் தாத்தா மட்டும் கலங்கவில்லை. டீயை வாங்கிக்கொண்டு சொன்னார்:

"தலை கொஞ்சம் கனமாத்தான் இருக்கு. ஆனா தெற்க இருக்கு."

அந்த மருமகள் திங்கட்கிழமை பாய்க்கு போன் செய்து, பையன் வாயே திறப்பதில்லை என்றாராம். பாய் போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

காற்று அடித்தவர்

மே மாதத்துக் கடைசிப் பயணம். ஒரே ஒரு குடும்பம். அசோக் நகர் கோபால் சார், அவர் மனைவி மல்லிகா ஆன்ட்டி, மகள், மருமகன், பேத்தி. சார் தன் வண்டியை வண்டி என்று சொல்ல மாட்டார், 'இவன்' என்பார். இவனுக்கு வாராவாரம் காற்று பார்ப்பாராம். ஸ்கூட்டர் காலத்திலிருந்து டயரில் காற்று குறைந்து ஒரு நாள்கூட ஓட்டியதில்லையாம்.

முதல் நாள் சாயங்காலம் தோப்பில் பேத்தி அழுதாள் என்று ஒரு கதை ஆரம்பித்தேன். ஏழு கதவு உள்ள ஒரு வீடு, கடைசிக் கதவுக்குப் பின்னால் ஒரு பூதம். என் கதை கேட்க வேண்டுமென்றால் பக்கத்தில் வந்துதான் உட்கார வேண்டும். பேத்தி வந்தாள், ஆன்ட்டி வந்தார், மகளும் மருமகனும் வந்தார்கள். ஆறாவது கதவு திறந்ததும் ஆரோக்கியம் அண்ணன் சோறு ரெடி என்று கத்திவிட்டார். பேத்தி தூங்கிப் போனாள். கதை அங்கேயே நின்றது.

மறுநாள் காலை மணலில் இறங்குவதற்கு முன் நாலு டயரிலும் பாதிக் காற்றை இறக்கினேன். மணலில் டயர் தளர்ந்து பரந்து உட்கார்ந்தால்தான் மிதந்து போகும், விறைத்துக்கொண்டு நின்றால் தோண்டிக்கொண்டு உள்ளே போய்விடும். இது எங்கள் தொழிலின் முதல் பாடம். கோபால் சார் பக்கத்தில் நின்று, தன் உடம்பிலிருந்து ரத்தம் எடுப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முன்னால் போய்ப் பாதை பார்த்துவிட்டு வந்தேன். பேத்திக்கு மாங்காய் பறித்துக் கொடுத்துவிட்டு எல்லாரும் ஏறினார்கள். ஆற்றின் நடுவுக்குப் போனதும் வண்டி மூக்கைக் குத்திக்கொண்டு அப்படியே இறங்கியது. டயரைத் தொட்டுப் பார்த்தேன். கல்லு மாதிரி இருந்தது. நான் பாதை பார்க்கப் போன நேரத்தில் மனுஷன் டிக்கியில் வைத்திருந்த பம்பை எடுத்து நாலுக்கும் முழுசாகக் காற்று அடித்திருக்கிறார்.

அதே நேரம் ஆரோக்கியம் அண்ணன் கரையிலிருந்து மலைப் பக்கம் கை காட்டினார். மேலே கறுத்துக் கிடந்தது. கோடை மழை மலையில் கொட்டினால், இங்கே ஒரு சொட்டு விழாமலே ஆற்றில் தண்ணீர் வந்துவிடும். வண்டிக்குள்ளே சாருக்கு நாலு பேரும் நாலு வழி சொல்லிக்கொண்டிருந்தார்கள். "லெஃப்ட்ல ஒடிங்கப்பா!" "மாமா, ரிவர்ஸ், ரிவர்ஸ்!" "ஏங்க, அந்தத் தம்பி என்னமோ சொல்லுதே!" "தாத்தா, ஸ்பீடா!" சார் அத்தனை பேருக்கும் கீழ்ப்படிந்தார். ஒவ்வொரு தடவையும் சக்கரம் இன்னும் ஒரு விரற்கடை உள்ளே போனது. நிறுத்துங்கள், இறங்குங்கள் என்று நான் தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினேன். கத்தினேன் என்பது எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

இன்ஜின் திணறி அணைந்தது. அந்த அமைதியில் மல்லிகா ஆன்ட்டி கண்ணாடியை இறக்கி, ஏதாவது பேச வேண்டுமே என்று நினைத்தாரோ என்னவோ, கேட்டார்:

"ஏன் தம்பி, அந்த ஏழாவது கதவு என்னதான் ஆச்சு?"

பூதம் வெளியே வந்த கதை

எனக்கு அந்த நிமிடம் தோன்றியது இதுதான். ஜன்னலருகே குனிந்து, எப்போதும் பேசுகிற குரலில் சொன்னேன்: "கரையில அந்தப் புளியமரம் இருக்கு இல்ல ஆன்ட்டி, எல்லாரும் அங்க போய் உக்காருங்க. வண்டி வந்ததும் மிச்சக் கதை சொல்றேன்." அதை ஆன்ட்டி தன் குரலில் திருப்பிச் சொன்னார். அது ஆற்றின் அக்கரைக்கும் கேட்டிருக்கும். பேத்தி முதலில் குதித்தாள், மகள் குதித்தாள். மருமகன் கொஞ்சம் தயங்கிவிட்டு, கதையில் அவருக்கும் அக்கறை இருந்திருக்க வேண்டும், இறங்கிவிட்டார். இப்போது வண்டியில் கனமும் இல்லை, சத்தமும் இல்லை. சாரும் நானும் மட்டும்.

நான் டயர் டயராக உட்கார்ந்து காற்றை இறக்கினேன். புஸ்ஸென்று அது போகிற சத்தம் சாருக்கும் கேட்டது. சக்கரத்துக்கு முன்னால் மணலைக் கையால் ஒதுக்கிவிட்டு எழுந்து, அவருக்கு எதிரே போய் நின்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "நான்தான் அடிச்சேன்பா. இவன் பாவமா நின்னான், மனசு கேக்கல" என்றார். நான் இரண்டடி பின்னால் போனேன். கையைத் தூக்கினேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒரு மனுஷன் என் கையை மட்டும் பார்த்து ஓட்டினார். மெதுவாக என்றால் மெதுவாக, வலது என்றால் வலது. வண்டி ஒரு முறை இருமி, அசைந்து, மணல்மேல் படகு மாதிரி ஏறி வந்தது. அப்படியே கரையும் ஏறிவிட்டது. அரை மணி நேரம் கழித்து ஆற்றில் ஒரு பழுப்புக் கோடு வந்தது. வந்து, அகன்று, எங்கள் சக்கரம் கிடந்த பள்ளத்தை நிரப்பிக்கொண்டு போனது. சார் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். புளியமரத்தடியில் நான் ஏழாவது கதவைத் திறந்தேன். பூதம் கும்பிடு போட்டுவிட்டு வெளியே போயிற்று. அதற்குமேல் யோசிக்க என்னிடம் தெம்பு இல்லை. ஆரோக்கியம் அண்ணன் சுண்டலைக் கையில் கொடுத்துவிட்டுக் காதருகே சொன்னார்:

"நைனா, நீ வாயைத் தொறக்காத வரைக்கும் நல்லாத்தான் வேலை செய்யற."

கேட்டுச்சா?

சாயங்காலம் மந்தைவெளி வந்து சேர்ந்தோம். பாய் ஷெட் வாசலிலேயே நின்றிருந்தார், கையில் கடை போன். சீசனின் கடைசி பார்ட்டி, இனிமேல் கேட்க வேறு ஆள் இல்லை. பாய் நேராகவே கேட்டார்: "சொல்லுங்க சார், பையன் சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சா?" கோபால் சார் தலையைச் சொறிந்துகொண்டு, "எனக்குக் கேக்கல பாய். நான் பார்த்துக்கிட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார். மகளும் மருமகனும் தூங்கிய பேத்தியைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். மல்லிகா ஆன்ட்டி மட்டும் மறந்துபோன மாங்காய்ப் பையை எடுக்கத் திரும்பி வந்தார். பாய் அவரிடமும் அதையே கேட்டார்.

"தம்பி குரலா? தூரத்துலேர்ந்து எங்க கேக்குது! கிட்ட போய் உக்காந்தா நல்லாவே கேக்குது பாய். அந்தப் பூதத்தைத்தான் இன்னும் கொஞ்ச நேரம் வச்சிருந்திருக்கலாம்."

பாய் என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார், அதை ஆரோக்கியம் அண்ணன் கையில் திணித்தார். "அலோ, இன்னா வோணும்?" என்று அண்ணன் ஒத்திகை பார்க்க ஆரம்பிக்க, ஆன்ட்டி பையை இடுப்பில் அணைத்துக்கொண்டு வண்டியைப் பார்த்து நடந்துபோனார்.

டயரில் பாதிக் காற்றும் வாயில் பாதிக் கதையும் மிச்சம் வைத்திருந்தால், எந்தக் குடும்பத்தையும் பத்திரமாக வீடு சேர்த்துவிடலாம் என்பதே இந்தக் கோடையில் நான் சம்பாதித்த ஞானம்.